வீடு ஏலத்திற்குப் போகுமுன்

நாளிதழ்களின் உட்பக்கங்களில், கட்டம் கட்டி, பொடி எழுத்தில் வெளியாகும் உடைமை அறிவிப்புகளை நம்மில் பலர் படிப்பதில்லை. கடன் பெற்றவர் பெயர், உடன் கையொப்பமிட்ட மனைவியின் பெயர், ஜாமீன் நின்ற தமையனின் பெயர், கிராமம், சர்வே எண், நான்கெல்லை, இத்தனை சதுர அடி மனையும் அதன்மேல் உள்ள கட்டடமும் என்ற விவரம், இறுதியில் பாக்கித் தொகை ஆகியவை அதில் வரிசையாக நிற்கும். அந்த நான்கெல்லைக்குள் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது. அண்டை வீட்டார் அதனைப் படித்துவிட்டார்களோ என்ற அச்சத்தில், அவ்வீட்டுப் பிள்ளைகள் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கவும் கூசுவர்.

அந்த அறிவிப்பு ஒரே நாளில் வந்துவிடுவதன்று. வங்கி ஒரு வீட்டை எடுத்து விற்பதற்குச் சட்டம் படிப்படியாக வழி வகுத்துள்ளது. ஒவ்வொரு படியிலும் கடன்பட்டவருக்கு ஒரு வாயிலைத் திறந்தும் வைத்திருக்கிறது. முதல் வாயில் அகலமானது. பின்னால் வருபவை வரவரக் குறுகுபவை. வீட்டை இழந்த குடும்பங்களுள் பல, வழியே இல்லாமல் இழந்தவை அல்ல; நாணத்தினால் எவரிடமும் வாய் திறவாது, வாயில்கள் ஒவ்வொன்றாக அடைபடும் வரை காத்திருந்து இழந்தவை. உறை பிரிக்கப்படாத வங்கிக் கடிதங்கள் அலமாரியின் மேல்தட்டில் அடுக்கப்பட்டிருந்த இல்லங்களை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே எந்த வாயில் எதுவரை திறந்திருக்கும் என்பதனை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

தவணை தவறும் முன்

வீட்டுக்கடன் வாங்கியவர் பலருக்கு இடர் வந்தது அவர்தம் ஊதாரித்தனத்தால் அன்று. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை 4 விழுக்காட்டிலிருந்து 6.50 விழுக்காடாக உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் பெற்றிருந்தோர் அனைவரையும் அது தாக்கிற்று. 20 ஆண்டில் அடைக்க வேண்டிய 20 லட்சம் ரூபாய்க் கடனுக்கு 7 விழுக்காட்டு வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 15,500 ரூபாய், அதுவே 9.50 விழுக்காடாயின் ஏறத்தாழ 18,640 ரூபாய். மாதச் சம்பளத்தில் மூவாயிரம் ரூபாய் துண்டு விழுவது ஒரு தொழிலாளியின் குடும்பத்தில் பள்ளிக் கட்டணமோ மருந்துச் செலவோ நின்றுபோவதற்கு நிகராகும்.

வட்டி ஏறும்போது வங்கி தன் விருப்பம்போல் தவணையைக் கூட்டிவிடவோ, சொல்லாமலே ஆண்டுகளை நீட்டிவிடவோ கூடாதெனக் கருதியே ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டு 18 அன்று ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. தவணையைக் கூட்டிக்கொள்வதா, காலத்தை நீட்டிக்கொள்வதா, இரண்டையும் சிறிது சிறிது செய்வதா, ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டிவிடுவதா என்பதனைக் கடன்பட்டவரே தெரிவு செய்ய வாய்ப்பளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இவ்வுரிமை தமக்கு உண்டென்று அறிந்து கேட்போர் மிகச் சிலரே.

காலத்தை நீட்டுவதில் பயனும் உண்டு, விலையும் உண்டு. 20 லட்சம் ரூபாயை 9 விழுக்காட்டு வட்டியில் 15 ஆண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 20,285 ரூபாய் வேண்டும். 20 ஆண்டாக நீட்டினால் ஏறத்தாழ 17,995 ரூபாய் போதும். மாதம் 2,290 ரூபாய் மிச்சமாகிறது. ஆனால் முடிவில் கட்டும் மொத்தத் தொகை ஆறரை லட்சம் ரூபாய்க்கு மேல் கூடிவிடுகிறது. இதனைக் கணக்கிட்டுப் பார்த்து அஞ்சிப் பின்வாங்குவோர் உண்டு. வீடு கையை விட்டுப் போவதைக் காட்டிலும் இது மேல் என்பது நம் கருத்து. நிலைமை சீரான பின்னர் கையில் சேரும் தொகையை அசலில் கட்டி ஆண்டுகளைக் குறைத்துக்கொள்ளலாம். தனிநபர் பெற்ற மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதக் கட்டணம் வாங்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2012லேயே தடை செய்துவிட்டது.

வேலை போயிற்று, குடும்பத்தலைவர் நோயில் விழுந்தார், வெளிநாட்டிலிருந்து வரும் பணம் நின்றது என்றால், முதல் தவணை தவறுவதற்கு முன்னரே கிளை மேலாளருக்குக் கடிதம் எழுத வேண்டும். நேரில் சென்று பேசுவது நல்லதே. ஆயினும் பேச்சு காற்றோடு போகும். என்ன நேர்ந்தது, எப்போது சீராகும் என்று எதிர்பார்க்கிறோம், இப்போது மாதம் எவ்வளவு கட்ட இயலும் என்ற மூன்றையும் எழுதி, மருத்துவச் சான்றோ வேலை நீக்கக் கடிதமோ இணைத்து, நகலில் வங்கியின் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளல் வேண்டும். கடனைத் திருத்தியமைக்கும் அதிகாரம் பெரும்பாலும் மேலலுவலகத்தில் இருப்பதால், கிளையில் உள்ளவர் இரக்கமுள்ளவராயினும் தாள் இல்லாமல் எதுவும் செய்ய அவரால் இயலாது.

குடும்பத்தலைவர் இறந்துவிட்ட வீடுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வீட்டுக்கடன் கொடுக்கும்போதே அக்கடனுக்கென ஓர் ஆயுள் காப்பீட்டையும் எடுக்கச் செய்து, அதன் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிடும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. கையொப்பமிட்ட நாற்பது தாள்களுள் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். கணவர் அதனை மனைவியிடம் சொல்லியிருக்கமாட்டார். அவர் இறந்த பின்னர், காப்பீடு இருப்பதே அறியாமல், விதவையான தாய் தையல் வேலை செய்து தவணை கட்டிக்கொண்டிருப்பாள். கடன் ஒப்பந்தத்தையும் கணக்கு அறிக்கையையும் எடுத்து, காப்பீட்டு பிரீமியம் என்று எங்கேனும் ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். இருந்தால் இறப்புச் சான்றுடன் உடனே உரிமை கோரவும். காப்பீட்டின் அளவைப் பொறுத்துக் கடன் முழுதுமோ பெரும்பகுதியோ அதிலேயே தீர்ந்துவிடக் கூடும். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் உறுப்பினராக இருப்போர், வீட்டுக்கடனை அடைப்பதற்கென அதிலிருந்து பணம் பெற விதியுண்டு என்பதனையும் நினைவில் கொள்க.

நகையை அடகு வைத்துத் தவணை கட்டலாமா என்று கேட்போருக்கு நம் விடை இது: பணம் வரும் நாள் தெரிந்திருந்து, இடையில் இரண்டு மூன்று மாதத்தைக் கடக்க வேண்டியிருந்தால் வைக்கலாம். வரும் நாள் தெரியாவிடில், வீட்டுடன் தாலிக்கொடியும் போகும். கந்துவட்டிக்கு வாங்கி வங்கிக்குக் கட்டுவதோ, எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகும். கொடும் வட்டி வாங்குவதைத் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. எனினும் சட்டம் வந்து சேருமுன் வட்டிக்காரர் வந்து சேர்ந்துவிடுகிறார்.

தொண்ணூறு நாள், பின்னர் அறுபது நாள்

தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையாக நின்றால் வங்கி அக்கடனை வாராக்கடன் பட்டியலில் சேர்க்கும். இந்தக் கோட்டைக் கடப்பதற்கு முன்னுள்ள நிலை வேறு, கடந்த பின்னுள்ள நிலை வேறு. முன்னர் ஒரு தவணையைக் கட்டினாலும் கணக்கைத் தாங்கிப் பிடிக்கலாம். கடந்த பின்னரோ, நிலுவை வட்டியும் அசலும் முழுதும் கட்டினாலன்றிக் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பாது என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவுபடுத்தியது. கையில் சிறு தொகை உள்ளவர்கள் அதனை எண்பதாம் நாள் கட்டுவதற்கும் நூறாம் நாள் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இக்காலத்தில்தான் வசூல் முகவர்களின் தொல்லை தொடங்கும். நிலுவைக் கடன் குறித்துக் காலை 8 மணிக்கு முன்னரும் மாலை 7 மணிக்குப் பின்னரும் அழைக்கலாகாது, அச்சுறுத்தலாகாது, பிறர் முன் இழிவுபடுத்தலாகாது என்பது 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விடுத்த கட்டளை. கடன் கொடுத்தவன் ஈட்டினை வாங்க வரும்போது கடனாளியின் வீட்டினுள் நுழையாது வெளியே நிற்க வேண்டும் என்று இணைச்சட்ட நூல் 24ஆம் அதிகாரம் வகுத்திருப்பதை இங்கு நினைத்துக்கொள்கிறோம். வரம்பு மீறுவோர் பற்றி முதலில் வங்கிக்கே எழுத வேண்டும். 30 நாளுக்குள் தக்க விடை வராவிடில், கட்டணமின்றி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்.

வாராக்கடன் ஆன பின்னர் வங்கி கையில் எடுப்பது 2002ஆம் ஆண்டுச் சட்டம். சர்ஃபேசி என்று சுருக்கமாக வழங்குவது. நீதிமன்றம் செல்லாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்கும் அதிகாரத்தை இது வங்கிகளுக்கு அளித்தது. வீட்டுக்கடன் நிறுவனங்கள் பலவற்றுக்கும் இவ்வதிகாரம் உண்டு. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. இச்சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, கடன் முழுவதையும் 60 நாள்களுக்குள் கட்டுக என்று எழுத்து மூலம் அறிவிப்பு வர வேண்டும். பதிவுத் தபாலில் வரும் இக்கடிதத்தைக் கையொப்பமிட்டு வாங்க மறுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்றெண்ணுவோர் உண்டு. தப்ப முடியாது, கதவில் ஒட்டுவர், நாளிதழில் வெளியிடுவர். நாள் கணக்கு ஓடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரியாமல் போகும்.

அறிவிப்பு வந்த நாளைக் குறித்துக்கொண்டு, 60 நாளுக்குள் எழுத்தில் மறுமொழி கொடுக்க வேண்டும். தொகையில் பிழை இருக்கலாம், கட்டிய தவணை வரவு வைக்கப்படாதிருக்கலாம், திருத்தியமைக்கும் விண்ணப்பம் நிலுவையில் இருக்கலாம். எதுவாயினும் எழுதினால், 15 நாள்களுக்குள் காரணம் காட்டி விடையளிக்க வங்கி கடமைப்பட்டது. இவ்வுரிமை, 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைத்ததன் பயனாகச் சட்டத்தில் சேர்ந்தது.

சில சொத்துகளை இச்சட்டத்தின் கீழ்த் தொடவே முடியாது. கடன் ஒரு லட்சம் ரூபாய்க்கு மிகாதாயின், அல்லது அசலிலும் வட்டியிலும் இன்னும் கட்ட வேண்டியது 20 விழுக்காட்டுக்குக் குறைவாயின், அல்லது அடமானம் வைத்தது விவசாய நிலமாயின், விலக்கு உண்டு. பட்டாவில் நஞ்சை என்றிருப்பது மட்டும் போதாது; உண்மையில் பயிர்த்தொழில் நடக்கும் நிலமாக இருத்தல் வேண்டும். முக்கால்வாசிக்கு மேல் அடைத்துவிட்ட முதியவர்கள் இந்த 20 விழுக்காட்டு விதியை அவசியம் சரிபார்க்க வேண்டும். விலக்கு உள்ளதால் கடன் மறைந்துவிடாது. வங்கி வேறு சட்ட வழியில் வர நேரும், அவ்வளவே.

மொத்தமாக ஒரு தொகை கட்டிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் ஒருமுறைத் தீர்வு இக்காலத்தில் பேசத்தக்கது. ஆனால் அதனை உரிமையாகக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறிவிட்டது. வங்கியின் இசைவு எழுத்தில் வராமல் பணம் கட்டலாகாது. இவ்வாறு தீர்த்த கடன் சிபில் பதிவில் குறையாகவே நிற்கும் என்பதனையும் முன்னரே அறிந்திருத்தல் நலம். மக்கள் நீதிமன்றத்தில் வங்கியுடன் அமர்ந்து பேசியும் இதனை முடிக்கலாம். அங்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கு ஏற்ற முடிவின் மேல் முறையீடும் இல்லை.

நாமே விற்றல்

இங்குக் குடும்பங்கள் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. வருமானம் திரும்பி வராது என்பது தெளிவாகிவிட்டால், வங்கி விற்பதற்கு முன் நாமே விற்றுவிடுவது பல வீடுகளுக்கு நல்ல வழி. அப்பா கட்டிய வீடு, பிள்ளைகளின் திருமணம் நடந்த வீடு என்றெல்லாம் மனம் மறுக்கும். அம்மறுப்பு இயல்பானதே; ஆயினும் கணக்கைப் பார்க்க வேண்டும்.

40 லட்சம் ரூபாய் பெறும் வீட்டின்மேல் 22 லட்சம் ரூபாய் கடன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உரிமையாளர் ஆறு மாதம் பொறுத்துத் தக்க ஆளைத் தேடி 38 லட்சத்திற்கு விற்றால், கடன் போக ஏறத்தாழ 16 லட்சம் மிஞ்சும். ஊருக்கு வெளியே சிறு மனை வாங்கவோ, சில ஆண்டு வாடகைக்கு இருந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கவோ அது உதவும். ஏலத்திலோ, வருவோர் குறைவு. வில்லங்கமும் வழக்கும் வருமோ என்ற அச்சத்தில் விலையைக் குறைத்தே கேட்பர். அதற்குள் வட்டியும் வழக்குச் செலவும் ஏறிக் கடன் 25 லட்சமாகி, வீடு 30 லட்சத்திற்கே போயிற்றென்றால் மிஞ்சுவது ஐந்து லட்சம். வீடு இரு வகையிலும் போகிறது. கையில் எஞ்சுவதுதான் வேறு.

இதற்கும் காலம் உண்டு. 60 நாள் அறிவிப்பு வந்த பின்னர், வங்கியின் எழுத்து மூலமான முன் இசைவின்றி அவ்வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ சட்டம் தடை செய்கிறது. அறிவிப்புக்கு முன்னரே விற்க முற்படுவது எளிது. பின்னராயினும், வாங்குவோரை அழைத்துச் சென்று, பணம் நேரே கடன் கணக்கில் கட்டப்படும் என்று எழுதிக் கொடுத்து இசைவு கேட்டால் மறுக்கும் வங்கிகள் குறைவு. அவர்களுக்கும் ஏலம் ஒரு தலைவலியே. கடனைத் தீர்க்க இன்று எவ்வளவு வேண்டும் என்ற கணக்கை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வங்கிகள் அதனை ஃபோர்குளோஷர் கடிதம் என்கின்றன. வீட்டைப் பறிப்பதற்கும் அயல்நாடுகளில் இதே சொல் வழங்குவதால் சிலர் அஞ்சி நடுங்குகின்றனர். இங்கு அக்கடிதத்தின் பொருள் கடனை முன்கூட்டி முடித்தல் என்பதே. கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவற்றால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். இவ்விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

இவ்வேளையில் உதவ வருவதாகச் சொல்லும் மூன்றாம் மனிதர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. "வங்கிக் கடனை நான் அடைத்துவிடுகிறேன், பாதுகாப்புக்காக மட்டும் ஒரு கிரயப் பத்திரம் எழுதிக் கொடுங்கள், பணம் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பார்கள். பொது அதிகாரப் பத்திரம் கேட்போரும் உண்டு. திருப்பித் தருவதான நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதப்படாவிட்டால், அது அடமானம் என்று பின்னர் நிலைநாட்டச் சட்டத்தில் வழியில்லாது போகும். வாய்ச்சொல்லை நம்பி வீட்டை எழுதிக் கொடுத்ததாகவே முடியும். சொந்த உறவினர் கேட்டாலும் நம் அறிவுரை இதுவே. முறையாக அடமானப் பத்திரம் எழுதிக் கடன் தரும் தனியாருக்கு வங்கியின் சர்ஃபேசி அதிகாரம் கிடையாது. அவர் உரிமையியல் நீதிமன்றம் சென்று, நீதிமன்றம் தரும் தவணைக் காலம் வரை காத்திருக்க வேண்டும்.

கதவில் தாள் ஒட்டிய பின்னர்

60 நாள் கடந்தால் வங்கி உடைமை எடுக்கலாம். முதலில் எடுப்பது பெரும்பாலும் காகித உடைமை: கதவில் அறிவிப்பு ஒட்டி, இரு நாளிதழ்களில், அவற்றுள் ஒன்று அப்பகுதி மொழியில், வெளியிடுவர். குடும்பம் உள்ளேயே இருக்கும். ஆளை வெளியேற்றிப் பூட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ ஆணை பெறுவது வழக்கம்.

இக்கட்டத்தில் செல்ல வேண்டிய இடம் கடன் மீட்புத் தீர்ப்பாயம். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிட்டுப் பயனில்லை. சட்டம் அதனைத் தடுத்துள்ளது. தமிழகத்தில் சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் இத்தீர்ப்பாயங்கள் உள்ளன. வங்கி நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாள்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். அறிவிப்பு முறையாக வரவில்லை, மறுமொழிக்கு விடை தரப்படவில்லை, மதிப்பீடு ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்பன போன்ற குறைகளே அங்கு எடுபடும். "கட்ட இயலவில்லை" என்பது அனுதாபத்தைத் தரும், தீர்ப்பைத் தராது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதோர் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராது இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. பல கடன்களில் மனைவியும் உடன் கையொப்பமிட்டிருப்பதால், அவர் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்.

கடைசி வாயில் ஒன்று பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் உள்ளது. ஏலம் நடக்கும் நாள் காலை வரை, ஏன், விற்பனைப் பத்திரம் பதிவாகும் வரை, முழுத் தொகையைக் கட்டி வீட்டை மீட்கலாம் என்று முன்னாளில் சொல்லப்பட்டது. 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. ஏல அறிவிப்பு வெளியிடப்படும் வரையில்தான் மீட்கும் உரிமை. அறிவிப்பு வந்துவிட்டால் அவ்வுரிமை முடிந்தது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் செலீர் வழக்கில் உறுதி செய்தது. "ஏலத்திற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, மைத்துனர் துபாயிலிருந்து பணம் அனுப்புவார்" என்று காத்திருப்போர் இதனை அறிந்தாக வேண்டும். விற்பதற்கு 30 நாள் முன் உரிமையாளருக்குத் தனி அறிவிப்பும் வர வேண்டும். பணத்திற்கு வழி இருக்குமாயின், ஏல அறிவிப்பு நாளிதழில் ஏறுமுன் அது வங்கிக்குச் சென்று சேர வேண்டும்.

ஏலம் முடிந்து வீடு போய்விட்டாலும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. விற்ற தொகையில் கடனும் செலவும் போக மிஞ்சுவது கடன்பட்டவருக்கு உரியது, வங்கிக்கு அன்று. குறைந்தால் மீதத்தைக் கேட்டு, கடன்பட்டவர் மீதும் ஜாமீன் நின்றவர் மீதும் வங்கி வரலாம். ஆகவே எவ்வளவுக்கு விற்றது, எந்தெந்தச் செலவு கழிக்கப்பட்டது என்ற கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குதல் வேண்டும். மனமுடைந்து வேறூர் சென்றுவிடும் குடும்பங்கள் இதனைக் கேட்பதில்லை. புதிய முகவரியை வங்கிக்குத் தெரிவித்துவிட்டுச் செல்க. மீதித் தொகைக்கான கடிதம் பழைய வீட்டுக் கதவுக்கே வந்து திரும்பிப் போகும்.